பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில்: எல்லைப்புற இசை நாடக நடிகரின் மொழி

நாகர்கோயிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பழைய சாலை தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டை விட்டு நீங்குகிறது. அடுத்து வரும் பெரிய ஊர் பாறசாலை. அதனை அடுத்து நெய்யாற்றின்கரை. பின்னர் நெசவாளர் ஊராகிய பாலராமபுரம். 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன் இச்சாலையில் எல்லை என ஒன்று இருந்ததில்லை. தோவாளை முதல் திருவனந்தபுரம் வரை அனைத்தும் திருவிதாங்கூர். நாகர்கோயிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது 1979இல்தான் ஆதலால், இப்பகுதியில் நாடகம் நடத்திய குழுக்களின் திரைச்சீலைகளும் ஆர்மோனியப் பெட்டிகளும் நடிகர்களும் இச்சாலை வழியாகவே இரு நகரங்களுக்கும் இடையே போய்வந்திருக்க வேண்டும்.

இச்சாலையின் இரு முனைகளிலும் பிறந்த இருவரின் வாழ்க்கையை அருகருகே வைத்து நோக்கினால் நாடக வரலாற்றில் இதுவரை போதிய அளவு கவனிக்கப்படாத ஒரு செய்தி புலப்படும். தி. க. சண்முகம் 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தமிழ் நாடக உலகம் அவரை 'ஔவை சண்முகம்' என்றே அறியும். திக்குறிச்சி சுகுமாரன் நாயர் 1916இல் திக்குறிச்சியில் பிறந்தார். மலையாள நாடகத்தையும் திரைப்படத்தையும் பாட்டின் ஆதிக்கத்திலிருந்து உரையாடலின் பக்கம் திருப்பியவர்களுள் முதன்மையானவராகப் போற்றப்படுகிறார். 1956இல் முன்னவரின் பிறந்த ஊர் கேரளத்தின் தலைநகராயிற்று. பின்னவரின் பிறந்த ஊர் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாநிலங்களைக் கொண்டு இலக்கிய வரலாறு எழுதுவோருக்கு இருவருமே இடம் மாறிப் பிறந்தவர்களாகத் தோன்றுவர்.

இம்மாற்றத்தைத் தற்செயல் நிகழ்ச்சியாகக் கொள்ளும் போக்கு இரு மொழி வரலாறுகளிலும் உண்டு. தமிழ் நாடக வரலாறு திருவனந்தபுரத்தை வசூல் நன்கு கிடைத்த ஒரு முகாம் என்ற அளவில் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகிறது. மலையாள நாடக வரலாறோ, 'தமிழ் நாடகங்களின் செல்வாக்குக் காலம்' என ஒரு பகுதியை ஒதுக்கி, அதனை மலையாள நாடகம் கடந்துவந்த ஒரு குழந்தைப் பருவமாகக் காட்டுகிறது. இரண்டு வரலாறுகளுக்கும் பொதுவான பிழை ஒன்று உள்ளது: பாறசாலை, நெய்யாற்றின்கரை போன்ற ஊர்களில் மேடையில் ஒலித்த தமிழை வெளியிலிருந்து வந்த மொழியாக அவை கருதுகின்றன. சான்றுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன. இவ்வட்டாரத்தில் தமிழ் என்பது பாட்டுக்குரிய வழக்கு. நடிகர் மொழி மாறவில்லை, வழக்கு மாறினார்.

பாட்டு என்னும் வழக்கு

தொழில்முறை நாடகக் குழுக்கள் இங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வழக்கு வேரூன்றியிருந்தது. கோவளத்தை அடுத்த ஔவாடுதுறையைச் சேர்ந்த ஐயப்பிள்ளை ஆசான் இயற்றிய இராமகதைப்பாட்டு, தமிழும் மலையாளமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்த மொழியில் அமைந்தது. சந்திரவளையம் என்னும் கருவியுடன் பாடப்பெற்றது. தென் திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டுகளும் இரவிக்குட்டிப்பிள்ளை போர் போன்ற கதைப்பாடல்களும் இத்தகைய மொழியிலேயே வழங்கின. நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்ஞிரங்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ணன் நாடார் இவ்வகைப் பாடல்களைத் திரட்டி வெளியிட்டவர். அப்பாடல்களுக்குத் 'தெக்கன் பாட்டுகள்' என்று திசையால் பெயரிட நேர்ந்ததே, மொழியால் பெயரிடுவதிலிருந்த இடர்ப்பாட்டைக் காட்டுகிறது.

இலக்கணமும் இதற்குச் சான்று பகர்கிறது. பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் லீலாதிலகம், மணிப்பிரவாளத்தை விளக்கும் வடமொழி நூல். அது 'பாட்டு' என்னும் வகையை வரையறுக்கும்போது எதுகை, மோனை ஆகிய தமிழ்ச் சொற்களை அப்படியே எடுத்தாள்வதுடன், தமிழ் எழுத்துகளால் அமைவதைப் பாட்டின் இயல்பாகக் கூறுகிறது. அந்நூலாரின் கண்ணில் பாட்டு என்பதே தமிழ் நெடுங்கணக்கின் எல்லைக்குள் நிற்பது. பேச்சு எதுவாயினும், பாடத் தொடங்கியவுடன் நா தமிழ் எழுத்துக்குத் திரும்பும் பழக்கத்தின் இலக்கணப் பதிவாக இதனைக் கொள்ளலாம்.

இப்பழக்கத்தின் மேடை வடிவமாகக் காக்காரிசி நாடகத்தைக் கொள்வது பொருந்தும். திருவனந்தபுரம், கொல்லம் பகுதிகளில் வழங்கிய இக்கூத்தில் சிவன் காக்கானாகவும், பார்வதியும் கங்கையும் காக்காத்திகளாகவும் குறவர் வேடத்தில் வருவர். காக்கான் தீப்பந்தம் ஏந்தி அவையினர் நடுவே ஆடிப் பாடிக்கொண்டு அரங்கை அடைவான். தம்புரான் என்னும் பாத்திரம் அவனை வினவ, அவன் விடையிறுப்பான். வினா பெரும்பாலும் மலையாளப் பேச்சின் சாயல் உடையது. விடை தமிழ் கலந்த பாட்டு. அதிகாரத்தின் குரல் பேச, அலைந்து திரிவோனின் குரல் பாடுகிறது. இப்பங்கீட்டைக் கவனியாது முழு நாடகத்தையும் ஒரே மலையாளத்திலோ ஒரே தமிழிலோ பெயர்த்தால், கதை எஞ்சும். தம்புரானுக்கும் காக்கானுக்கும் இடையிலுள்ள தூரம் எஞ்சாது.

காக்காரிசி மேடையிலிருந்து வந்தவராகப் பெயர் அறியப்பட்ட ஒருவரின் தொழில் வாழ்வு இவ்விடத்தில் நினைவுக்குரியது. மலையாளத்தின் முதல் திரைப்படமாகிய 'விகதகுமாரன்' அகத்தீஸ்வரத்தில் பிறந்த ஜே. சி. டேனியலால் எடுக்கப்பட்டது. அதன் நாயகியாக நடித்த பி. கே. ரோசி திருவனந்தபுரத்தைச் சேர்ந்த தலித் பெண். காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பாடிப் பழகியவர். படத்தில் அவர் நாயர் குலப் பெண்ணாக நடித்தார். அதனைப் பொறாதவர்கள் திரையரங்கிலும் பின்னர் அவர் வாழ்விடத்திலும் வன்முறையில் இறங்கினர். அவர் இரவோடு இரவாக ஒரு சரக்கு வண்டியில் ஏறித் தெற்கே சென்று, நாகர்கோயிலில் வேறு பெயருடன் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார் என்று அவர் வரலாற்றைத் தேடியவர்கள் எழுதியுள்ளனர். தெற்கே செல்லும் வழி, மேலே கூறப்பட்ட சாலைதான். ஒரு பாடகி-நடிகையின் தொழில் அச்சாலையில் முடிவுற்றது. அவர் நடித்த ஒரே படம் பேசாப் படம். அதன் படச்சுருளும் இன்று இல்லை. அவர் பாடிய மொழி எதுவென்று வினவுவோருக்கு, அவர் ஆடிய கூத்தின் மொழியை ஆராய்வது தவிர வேறு வழியில்லை.

குழுக்களின் தமிழ்

தொழில்முறைக் குழுக்களின் தமிழ் இவ்வாறு பக்குவப்பட்ட நிலத்தில் வந்து விழுந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அமைத்துத் தந்த நாடக முறை, பாட்டை எலும்பாகவும் வசனத்தைத் தசையாகவும் கொண்டது. விருத்தம், தொகையறா, கீர்த்தனை, கண்ணி எனப் பாடல் வகைகள் காட்சிகளை நடத்திச் செல்லும். ஒரே பாடத்தை ஊரெங்கும் நடிகர்கள் மனப்பாடமாக வைத்திருந்தமையால், முன்பின் சந்தித்திராத இராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒத்திகையின்றி ஓர் இரவில் கூடி 'ஸ்பெஷல் நாடகம்' நடத்த முடிந்தது. மொழியியல் நோக்கில் இது வியப்புக்குரிய ஏற்பாடு. கிளைமொழி வேறுபாடுகளுக்கு மேலே நிற்கும் பொதுப் பாடம் ஒன்றைப் பள்ளிக்கூடமோ அச்சகமோ அன்றி நடிகர்களின் நினைவாற்றல் காத்து நின்றது.

சுவாமிகள் 1918இல் மதுரையில் உருவாக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சண்முகமும் அவர் தமையன்மார்களும் சிறுவர்களாகச் சேர்ந்தனர். அவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் சுவாமிகளின் குழுவில் ஸ்திரீபார்ட் நடிகர். ஆதலின் சண்முகத்துக்கு நாடகம் தேர்ந்துகொண்ட தொழில் அன்று. குலத்தொழில் போன்று வாய்த்தது. பால்மணம் மாறாச் சிறுவர்கள் செந்தமிழ்ப் பாடல்களைப் பொருள் முழுதும் விளங்காத வயதிலேயே நெட்டுருச் செய்தனர். மொழியைப் பேச்சால் கற்பதற்கு இணையாகப் பாட்டால் கற்ற தலைமுறை அது. 1925இல் சகோதரர்கள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கியதும் திருவனந்தபுரத்தில்தான்.

பாலர் குழுக்களில் ஒரு நடிகனின் தொழிலைத் தீர்மானிக்கும் நெருக்கடிக்கு 'மகரக்கட்டு' என்று பெயர். குரல் உடையும் பருவம் அது. நேற்றுவரை மூன்றாம் காலத்தில் எட்டுக்கட்டையில் பாடிய சிறுவனின் தொண்டை ஓர் இரவில் கட்டிக்கொள்ளும். அவன் பாத்திரம் மற்றொருவனுக்குப் போகும். மகரக்கட்டுக்குப் பின் குரல் நல்ல முறையில் திரும்பியவர் பாடும் நடிகராயினர். திரும்பாதவர் வசன நடிகராயினர், அல்லது திரை இழுத்தனர், அல்லது ஊர் திரும்பினர். தமிழ் நாடகம் பாட்டிலிருந்து வசனத்துக்கு மாறியதைச் சமூகச் சீர்திருத்தக் கருத்துகளின் வெற்றியாக மட்டும் விளக்கும் ஆய்வாளர்கள், பாலர் குழுக்களில் வளர்ந்த ஒரு தலைமுறை முழுதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் குரல் உடைந்து வயதுக்கு வந்தது என்னும் உடற்கூற்று உண்மையையும் கணக்கில் கொள்ளலாம். சண்முகம் 1972இல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலை இக்கண்ணோட்டத்தில் பயில்வது பயனுடையது.

மேடைத் தமிழ் ஒருசீரானது அன்று. பாட்டு செந்தமிழ், இராஜபார்ட்டின் வசனம் செந்தமிழை ஒட்டிய உரைநடை, பபூனின் பேச்சு கொச்சை. பாடமாக எழுதப்படாததும், ஊருக்கு ஊர் மாறக்கூடியதும் பபூனின் பேச்சே. விளவங்கோட்டுத் தமிழில் வெள்ளம் என்றால் குடிக்கும் நீர். பறைதல் என்றால் சொல்லுதல். ஒரு பபூன் மதுரை மேடையில் 'வெள்ளம்' கேட்டால் சிரிப்பு எழும். பாறசாலை மேடையில் கேட்டால் தண்ணீர் வரும். நாகர்கோயில் ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்து, சண்முகம் சகோதரர்களின் சபையில் சேர்ந்த என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) நகைச்சுவை நடிகராகவும் பாடகராகவும் ஒருங்கே விளங்கியதற்கு, இருவகை வழக்குகளுக்கும் இடைப்பட்ட இந்நிலம் ஒரு காரணமாகலாம். பிற்காலத்தில் அவர் வில்லுப்பாட்டைப் பொதுமேடைக்குக் கொணர்ந்தபோது, இங்குள்ள கோயில் விழாக்களின் குரலே சென்னையில் கேட்டது.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டையும் சுட்டலாம். தமிழின் புகழ்பெற்ற செய்யுள் நாடகமாகிய 'மனோன்மணீயம்' 1891இல் வெளிவந்தது. அதனை இயற்றிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். நூலோ நடிப்பதற்கன்றிப் படிப்பதற்கு எழுதப்பட்டது. ஒரே நகரில் ஏட்டுக்குரிய தமிழ் நாடகமும் மேடைக்குரிய தமிழ் நாடகமும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்தன.

சதாரமும் வினைமுற்றும்

தமிழ் மேடை மலையாள மேடையாக மாறிய இடத்தை மிகத் தெளிவாகக் காட்டும் நாடகம் 'சதாரம்'. டி. சி. அச்சுதமேனோன் 1892இல் 'சங்கீத நைஷதம்' எழுதியதிலிருந்தே தமிழ் இசை நாடகத்தின் அமைப்பு மலையாளத்தில் இடம்பெறத் தொடங்கியது. தொடர்ந்து எழுந்த நாடகப் பெருக்கு, அதனை எள்ளி நகையாட முன்ஷி ராமக்குறுப்பு 'சக்கீசங்கரம்' எழுதும் அளவுக்குப் பெருகிற்று. ஆயினும் கே. சி. கேசவபிள்ளை (1868–1913) தமிழ்ச் சதாரத்தைத் தழுவி 1903இல் தந்த 'சதாராம' அவ்வேளனத்தைக் கடந்து நெடுங்காலம் மேடையில் நின்றது. கேசவபிள்ளை இசைவல்லுநர், அதனினும் முக்கியமாக, மலையாளத்தில் நிகழ்ந்த இரண்டாமெழுத்து எதுகை பற்றிய விவாதத்தில் முன்னின்றவர். 'கேசவீயம்' என்னும் காப்பியத்தையும் பாடியவர். அத்தகைய ஒருவர் தமிழ் நாடகத்தைத் தழுவ முன்வந்ததில் வியப்பில்லை. எதுகை அவருக்கு அயல்நாட்டுச் சரக்கு அன்று; லீலாதிலகம் பாட்டுக்கு உரியதாகச் சொன்ன பழைய சொத்து.

வர்ணமெட்டுக்கு எழுதுவோர் எதிர்கொள்ளும் தடைகளுள் எதுகை எளிது. மெட்டின் நெடில் விழும் இடத்தில் சொல்லின் நெடிலும் விழவேண்டும் என்பது சற்றுக் கடிது. வினைமுற்றே எல்லாவற்றினும் கடிது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார் என வினை தன் எழுவாயைத் தானே சுமக்கிறது. மலையாளம் அச்சுமையை இறக்கிவைத்துவிட்டது; அங்கு அனைவருக்கும் 'வந்நு' ஒன்றே. தமிழ்ப் பாடலில் அடிதோறும் இயைபாக வந்து நிற்கும் ஆன், ஆள், ஏன் ஈறுகள் மலையாளத்தில் கிடையா. மெட்டின் முடிவில் நிற்கும் நெடிலுக்கு வேறு சொல் தேட வேண்டும்.

இசைச் சிக்கலோடு இது நிற்பதில்லை. சதாரத்தின் கதை மாறுவேடத்தின் கதை. தலைவி ஆணுடை தரித்து ஆணாகவே மதிக்கப்பெறுகிறாள். அக்கால மேடையிலோ தலைவியாக நடித்தவர் பெரும்பாலும் ஆண். ஆகவே அவையோர் முன் நிற்பவர், பெண் வேடமிட்ட ஆண், ஆண் வேடமிட்ட பெண்ணாக நடிப்பவர். தமிழில் அவரைப் பற்றிப் பிற பாத்திரம் பேசும் ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு தீர்ப்பு. 'வந்தான்' என்பவன் ஏமாந்தவன். 'வந்தாள்' என்பவள் மறையறிந்தவள். 'வந்தார்' என்பவர் மரியாதையின் மறைவில் நின்று இரண்டையும் தவிர்ப்பவர். யாருக்கு உண்மை தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை வினையீறே காட்டிக்கொண்டிருக்கும். 'வந்நு' எனும்போது இவ்வேறுபாடு மறைகிறது. 'அவன்', 'அவள்' என்னும் பெயர்களை வெளிப்படையாக இட்டால் அன்றி அது திரும்புவதில்லை. ஆகவே மலையாளச் சதாராம நடிகர் தமிழ் நடிகர் சொல்லால் செய்ததைக் கண்ணாலும் கையாலும் செய்ய வேண்டியிருந்தது. மொழியின் இழப்பு நடிப்பின் வேலையாயிற்று. ஓச்சிற வேலுக்குட்டி போன்ற மலையாள ஸ்திரீபார்ட் நடிகர்களின் அபிநயப் புகழுக்குப் பின்னால் இவ்விலக்கணக் காரணம் ஓரளவேனும் இருக்கக்கூடும்.

எதிர்த்திசையில் மொழிபெயர்ப்போருக்கு இதனினும் பெரிய பொறுப்பு உண்டு. மலையாளப் பாடத்திலிருந்து தமிழுக்கு வருபவர் ஒவ்வொரு 'வந்நு'வுக்கும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அங்ஙனம் தேரும்போது, அவர் மூலத்தில் சொல்லப்படாத ஒன்றை, அதாவது எந்தப் பாத்திரத்துக்கு எது தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறார். தழுவல் நாடகங்களை மீளத் தமிழாக்குவோர் ஈறுகளைப் பழக்கத்தால் இட்டுச் செல்வது, சதாரம் போன்ற நாடகத்தில் கதையையே மாற்றியெழுதுவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவு கூறியபின், 'ஔவையார்' நாடகத்தைக் கருதுவது தகும். 1942இல் தொடங்கிய அந்நாடகத்தில் சண்முகம் முதுபெரும் பெண்பாற்புலவராகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது முப்பது. ஸ்திரீபார்ட் நடிகரின் மகன், இளமையும் கவர்ச்சியும் நீங்கிய பெண் வேடத்தில் புகழின் உச்சத்தை அடைந்தார். ஔவை தன்னைப் பற்றிக் கூறும்போது தமிழின் தன்மை வினை பால் காட்டாது. பிறர் ஔவையைப் பற்றிக் கூறும்போதோ மரியாதையின் பொருட்டு 'ஆர்' ஈறே வரும்; அதுவும் பால் காட்டாது. ஆக, ஔவை வேடமிட்ட ஆண் நடிகரைத் தமிழ் வினைமுற்று எங்கும் காட்டிக்கொடுக்கவில்லை. சதாரத்தில் விளையாட்டின் களமாக இருந்த இலக்கணம் ஔவையாரில் அடைக்கலம் ஆயிற்று. 1953இல் ஜெமினி நிறுவனம் இக்கதையைப் படமாக்கியபோது ஔவையாக நடித்தவர் நாடக மேடையின் மாபெரும் பாடகியாகிய கே. பி. சுந்தராம்பாள். பாட்டு அங்கு மீண்டும் தலைமை ஏற்றது. வேடத்தின் வியப்பு மறைந்தது. (சுந்தராம்பாளின் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா பிறந்த செங்கோட்டையும் அந்நாளில் திருவிதாங்கூருக்கு உட்பட்டது. திருவிதாங்கூரின் நாடகப் பாடகர்கள் எனப் பட்டியலிடுவோர் அவரை ஒருபோதும் சேர்ப்பதில்லை.)

பாகவதர் என்னும் சொல்

மலையாள மேடையில் பாடும் நடிகருக்குப் 'பாகவதர்' என்று பெயர். தமிழில் இச்சொல் பக்திக் கதை கூறுவோரையும் இசைவாணரையும் குறிக்கும். தியாகராஜ பாகவதர் போன்றோர் வழியே திரைக்கும் வந்தது. மலையாளத்தில் செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர், அகஸ்டின் ஜோசப் பாகவதர் எனக் கிறித்தவ நடிகர்களும் இதனைத் தாங்கினர். பாகவத சமயத்தோடு இருந்த தொடர்பு முற்றும் அற்று, கருநாடக இசை தெரிந்த நாடகத் தொழிலாளர் என்ற பொருளே எஞ்சிற்று. இதனைத் தமிழாக்கும்போது 'பாகவதர்' என்றே விட்டால் தமிழ் வாசகர் ஹரிகதையை நினைப்பார். 'இசை நாடக நடிகர்' என்றால் அச்சொல்லில் இருந்த மதிப்பும், பின்னாளில் ஏறிய சிறு கேலியும் போய்விடும். முதல் வருகையில் சொல்லை நிறுத்தி, சூழலால் பொருளை விளக்குவதே தக்கது.

கேலி ஏறியதற்குக் காரணம் உண்டு. போர்க்களத்தில் வீழ்ந்தவரும் எழுந்து விருத்தம் பாடும் மரபை 1940களின் நடிகர்கள் சகிக்கவில்லை. திக்குறிச்சியின் 'ஸ்த்ரீ' உரையாடலை முன்னிறுத்திய நாடகம் என்று பெயர் பெற்றது. அது 1950இல் திரைக்கு வந்தபோது பாட்டு மீண்டும் புகுந்தது. இசையமைத்தவர் தோவாளைப் பக்கத்துப் பூதப்பாண்டியில் பிறந்த பி. ஏ. சிதம்பரநாத். மேடையிலிருந்து வெளியேற்றப்பட்ட பாட்டை அதே நாஞ்சில் நிலம் வேறு வாயிலால் அனுப்பிவைத்தது எனலாம். 1952இல் கே. பி. ஏ. சி. குழுவின் 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' அரங்கேறியபோது கே. எஸ். ஜார்ஜும் சுலோசனாவும் பாடி நடிக்கும் நடிகர்களாகவே தோன்றினர். ஆனால் அவர்கள் பாடியது ஓ. என். வி. குறுப்பின் சொற்களில், வயலும் புழையும் மணக்கும் மலையாளம். பாடும் நடிகர் என்னும் தொழில் ஒழியவில்லை. பாட்டுக்குரிய வழக்காகத் தமிழ் இருந்த நிலைதான் ஒழிந்தது.

குரல் வளம் உடையோர் நாடகத்தை நோக்கிச் சென்ற வழியும் இக்காலத்தில் திரும்பிற்று. 1939இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற சுவாதித் திருநாள் இசைக் கழகம் கச்சேரிப் பாடகர்களை உருவாக்கிற்று. பாறசாலையில் 1924இல் பிறந்த பொன்னம்மாள் அதன் முதல் மாணவியர் வரிசையில் வந்தவர், பெண்கள் பாடியிராத நவராத்திரி மண்டபத்தில் 2006இல் முதன்முதலாகப் பாடியவர், 2021இல் மறைந்தார். பட்டமும் பணியும் ஓய்வூதியமும் தந்த அத்தகைய நிறுவனம் எதுவும் அதே ஊர்ச்சாலையில் ஆர்மோனியத்துடன் அலைந்த நாடகப் பாடகருக்கு வாய்க்கவில்லை. இசையின் வரலாறு பெயர்களுடனும் ஆண்டுகளுடனும் எழுதப்பட்டிருக்க, நாடகப் பாட்டின் வரலாறு 'தமிழ் நாடகக்காரர்கள்' என்னும் ஒற்றைத் தொகைப்பெயரில் அடங்கிப்போனதற்கு இது முக்கிய காரணம்.

எஞ்சியதை 1956 செய்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் இயக்கம் நெய்யாற்றின்கரையையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரியது. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென்வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மொழி நிலவுரிமைக்குச் சான்றாக்கப்பட்ட பின்பு, ஒரே நடிகர் ஒரே இரவில் இரண்டு மொழிகளைக் கையாள்வது பழைய இயல்போடு நோக்கப்படவில்லை. தமிழில் பாடுபவர் தமிழர். மலையாளத்தில் பேசுபவர் மலையாளி. காக்கானும் தம்புரானும் தனித்தனி மாநிலத்தவர் ஆயினர்.

ஆய்வாளர்க்கு எஞ்சியுள்ள மூலங்களுள் தலையாயவை நடிகர்களின் பாட்டு நோட்டுகள். மலையாள எழுத்து மட்டுமே கற்ற நடிகர் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதும்போது, தமிழ் நெடுங்கணக்கு கேட்காத ஒரு கேள்வி அவர் முன் நிற்கிறது. தமிழில் 'க' ஒன்றே. இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் ஒலிக்கும். மலையாள எழுத்தில் இரண்டுக்கும் வேறு வேறு வடிவம். 'பந்தம்', 'கங்கை', 'தம்பி' ஆகியவற்றை எவ்வடிவத்தால் எழுதுவது என்று அவர் ஒவ்வோரிடத்தும் முடிவு செய்தாக வேண்டும். சிலவிடத்து மலையாள வழக்கப்படி மூக்கொலியை இரட்டித்தும் விடலாம். இவற்றைப் பிழை எனத் திருத்திச் செம்மைப் பதிப்பு வெளியிடுவது எளிது. திருத்தாமல், எழுத்துக்கு எழுத்து பெயர்த்து, மெட்டின் பெயரையும் பேச்சு தொடங்கும் இடத்தையும் அருகில் குறித்து வெளியிட்டால், பாறசாலை மேடையில் 'தம்பி' என்ற சொல் எவ்வாறு ஒலித்தது என்பதை அந்நோட்டு சொல்லும்.